கடல் தாண்டிய பீரும் நிலவறை தாண்டாத பீரும்

(ஒலிப்பதிவில் பேசியது, வாசிப்பதற்காகச் சற்றே திருத்தித் தரப்படுகிறது.)

இன்னிக்கு நாம பேசப் போறது பிரிட்டிஷ் ஏல் பற்றி. தலைப்பைப் பார்த்ததுமே சிலர் முகம் சுளிச்சிருப்பீங்க, சிலர் நாற்காலியை இன்னும் கொஞ்சம் பக்கத்துல இழுத்துப் போட்டிருப்பீங்க. ரெண்டு பேருக்கும் சேர்த்தே சொல்லிடறேன்: யாரையும் குடிக்கச் சொல்ற எபிசோட் இல்லை இது. உப்பு, தேயிலை, அபின் இதுக்கெல்லாம் பின்னாடி கிழக்கிந்தியக் கம்பெனி இருக்குன்னு நமக்குத் தெரியும். பீருக்குப் பின்னாடியும் அந்தக் கம்பெனியோட கப்பல்கள் இருக்கு. அந்தக் கதை பெரும்பாலும் தப்பாகவே சொல்லப்படுது.

பெங்களூர் பக்கம் ஏதாவது ஒரு மைக்ரோப்ரூவரியில் போய் மெனுவைப் பார்த்தீங்கன்னா ஐபிஏ என்று ஒரு வகை இருக்கும். இந்தியா பேல் ஏல் என்பதன் சுருக்கம். ‘இதுல எங்கே இந்தியா வந்தது?’ என்று கேட்டால் ஒரு ரெடிமேட் கதை சொல்வார்கள். இங்கிலாந்திலிருந்து இந்தியா வர ஆறு மாசம் ஆகும், வழியில் பீர் புளித்துப் போகும். அப்போ ஹாட்ஜ்சன் என்று ஒரு லண்டன்காரர் மூளையைக் கசக்கி, போதையையும் ஹாப்ஸையும் கூட்டி, கெட்டுப் போகாத ஒரு புது பீரைக் கண்டுபிடித்தார். அதுதான் ஐபிஏ. பாட்டில் லேபிள் வரைக்கும் இந்தக் கதை அச்சாகியிருக்கு. அழகான கதைதான். ஆனா இதுல ‘கண்டுபிடித்தார்’ என்ற சொல்லுக்கு ஆதாரமே கிடையாது.

கொஞ்சம் அடிப்படையிலிருந்து தொடங்கலாம். பார்லியை முளைகட்டி உலர்த்தினால் மால்ட். மால்ட்டை வெந்நீரில் ஊறவைத்து வடித்த இனிப்புச் சாற்றில் ஈஸ்ட் போட்டு நொதிக்க விட்டால் பீர். அந்த ஈஸ்ட் ஓரளவு வெதுவெதுப்பான சூட்டில், மேலே நுரையாகப் பொங்கி, சில நாட்களில் வேலையை முடிக்கும் வகை என்றால் அது ஏல். குளிரில் மெதுவாக வேலை செய்யும் வகை என்றால் லாகர். நம்ம ஊர்ல பீர் என்று விற்பது கிட்டத்தட்ட எல்லாமே லாகர்தான். பழைய இங்கிலாந்தில் ஏல் என்றால் ஹாப்ஸ் சேர்க்காத பானம். ஹாப்ஸ் என்பது ஒரு கொடியின் பூ. கசப்பைத் தரும், பீரைக் கெடுக்கும் கிருமிகளில் பலவற்றை அடக்கியும் வைக்கும். 15ஆம் நூற்றாண்டில்தான் அது இன்றைய நெதர்லாந்து, பெல்ஜியம் பக்கத்திலிருந்து இங்கிலாந்துக்கு வந்து பரவியது. காலப்போக்கில் ஏலுக்குள்ளும் ஹாப்ஸ் நுழைந்துவிட்டது.

‘பேல்’ என்றால் வெளிர் நிறம். விறகுப் புகையில் உலர்த்திய மால்ட் பழுப்பாகும். நிலக்கரியைச் சுட்டுச் செய்யும் கோக்கில் உலர்த்தினால் புகையில்லை, நிறமும் ஏறாது. 17ஆம் நூற்றாண்டிலேயே இந்த முறை வந்துவிட்டது. விலை கூடுதல் என்பதால் வெளிர் ஏல் வசதியானவர்கள் வீட்டுப் பொருளாக இருந்தது. நாட்டுப்புறப் பெரிய பண்ணையார்கள் அக்டோபர் மாதத்தில், புது மால்ட், புது ஹாப்ஸ் போட்டு, நல்ல கெட்டியான வெளிர் பீர் வடித்து, ஒரு வருஷம் ரெண்டு வருஷம் நிலவறையில் வைத்துத்தான் குடிப்பார்கள். அதுக்கு அக்டோபர் பீர் என்றே பெயர். அதாவது, நீண்ட நாள் தாங்குகிற, ஹாப்ஸ் தூக்கலான வெளிர் பீர் ஹாட்ஜ்சனுக்கு முன்னாலேயே இங்கிலாந்தில் இருந்தது. வெப்ப நாடுகளுக்கு அனுப்பும் பீரில் ஹாப்ஸைக் கூட்டிப் போடுங்கள் என்ற யோசனையும் 1760களிலேயே பீர் ஆலைக்காரர்களுக்குத் தெரிந்த விஷயம்தான்.

அப்போ ஹாட்ஜ்சன் செய்ததுதான் என்ன? சரியான இடத்தில் கடை வைத்திருந்தார், கடன் கொடுத்தார். அவ்வளவுதான்.

ஜார்ஜ் ஹாட்ஜ்சன் 1752இல் லண்டனுக்குக் கிழக்கே போ என்ற இடத்தில், லீ ஆற்றங்கரையில் பீர் ஆலை தொடங்கினார். அந்த ஆறு தேம்ஸில் கலக்கிற இடத்தில்தான் பிளாக்வால். கம்பெனிக் கப்பல்கள் வந்து நின்ற இடம். சிறு படகில் பீப்பாயை ஏற்றினால் போதும், நேராகக் கப்பல் ஓரத்துக்கே போய்விடும். அந்தக் கப்பல்களின் கேப்டன்களுக்குச் சொந்தக் கணக்கில் கொஞ்சம் சரக்கு ஏற்றிக்கொள்ள கம்பெனி அனுமதி கொடுத்திருந்தது. பன்றித் தொடைக்கறி, பாலாடைக்கட்டி, தொப்பி, கண்ணாடிச் சாமான் என்று இங்கே இருந்த வெள்ளைக்காரர்கள் ஏங்கிய பொருட்களை அவர்கள் கொண்டுவந்து விற்பார்கள். இந்தியாவுக்கு வரும்போது கப்பலில் இடம் நிறைய இருக்கும், கூலியும் குறைவு. திரும்பிப் போகும்போதுதானே நம்ம சரக்கால் நிரம்பும்! ஹாட்ஜ்சன் அந்தக் கேப்டன்களுக்குப் பதினெட்டு மாதம் வரை கடனுக்குப் பீர் கொடுத்தார். போய், விற்று, திரும்பி வந்து காசு கொடு. இதைவிட நல்ல ஒப்பந்தம் எந்தக் கேப்டனுக்குக் கிடைக்கும்? இந்தியா பேல் ஏலைப் பெற்றெடுத்தது ஒரு ரெசிப்பி என்பதைவிட ஒரு கணக்குப் புத்தகம் என்று சொல்வதுதான் பொருத்தம்.

இன்னொரு விஷயத்தையும் இங்கேயே சொல்லிடறேன். இந்தியாவில் இருந்த வெள்ளைக்காரச் சிப்பாய் பேல் ஏல் குடித்துக்கொண்டிருந்தான் என்ற படமும் சரியில்லை. அது அதிகாரிகள், வியாபாரிகள் மேஜைக்கு உரியது. சாதாரணச் சிப்பாய்க்குக் கிடைத்தது போர்ட்டர். லண்டன் மூட்டைத் தூக்கிகள் விரும்பிக் குடித்த கறுத்த பீர்; போர்ட்டர் என்ற பெயரே அவர்களால் வந்ததுதான். அதுவும் இதே கப்பல்களில்தான் வந்தது, பேல் ஏலை விடவும் கூடுதலாகவே வந்தது. வழியில் கெட்டும் போகவில்லை. நீண்ட பயணம் தாங்க ஒரு புது பீர் தேவைப்பட்டது என்ற கதை இந்த ஒரு தகவலிலேயே உடைந்துவிடுகிறது. ஆனால் சிப்பாயின் பீருக்கு யாரும் ‘இந்தியா’ என்று பெயர் சூட்டவில்லை. துரைகள் குடித்ததுக்குத்தான் பெயர் கிடைத்தது.

சரி, அந்தப் பயணத்தைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்க. சூயஸ் கால்வாய் திறந்தது 1869இல்தான். அதுக்கு முன்னாடி ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றி, பூமத்திய ரேகையை இரண்டு தடவை கடந்து, நாலிலிருந்து ஆறு மாதம். கப்பலின் வயிற்றில் பெரிய பெரிய பீப்பாய்கள். ஒரு ஹாக்ஸ்ஹெட் பீப்பாயில் 54 காலன், ஏறக்குறைய 245 லிட்டர். மெட்ராஸுக்கு வந்தால் கூடுதல் சோதனை. அப்போ இங்கே துறைமுகமே கிடையாது. 1876இல்தான் கட்டத் தொடங்கினார்கள். கப்பல் கடலில் தள்ளி நங்கூரம் போட்டு நிற்கும். மசூலா படகு, அதாவது ஆணி அடிக்காமல் பலகைகளைக் கயிற்றால் தைத்த படகு, அலைகளுக்கு நடுவே போய்ச் சரக்கை ஏற்றிக் கரைக்குக் கொண்டுவரும். கவர்னர் வந்தாலும் அதில்தான், பீர் வந்தாலும் அதில்தான். அந்த அலையில் படகு ஓட்டிய நம்ம கரையோர மக்களைப் பற்றித் தனியாகவே ஒரு எபிசோட் செய்யணும்.

இத்தனை ஆட்டத்துக்கும் சூட்டுக்கும் பிறகு பீப்பாயைத் திறந்தால்? பீர் நன்றாக இருந்தது! அதுதான் ஆச்சரியம். இங்கிலாந்து நிலவறையில் ரெண்டு வருஷம் எடுக்கிற முதிர்ச்சி, வெப்பக் கடலில் சில மாதங்களிலேயே வந்துவிட்டது. மரப் பீப்பாயில் குடியிருக்கும் ஒரு முரட்டு ஈஸ்ட், மற்ற ஈஸ்ட் தொடாமல் விட்ட சர்க்கரையையும் மெல்ல மெல்லத் தின்றிருக்கும். விளைவு, இனிப்பே இல்லாத, வறண்ட, தெளிந்த, லேசாகச் சுரீரென்று இருக்கும் ஒரு பானம். 1904இல் கார்ல்ஸ்பெர்க் ஆய்வுக்கூடத்தில் கிளாவ்சன் என்ற டென்மார்க்காரர் அந்த ஈஸ்டை இங்கிலாந்து பீர்களிலிருந்து அடையாளம் கண்டார். அதுக்கு அவர் வைத்த பெயர் பிரெட்டனோமைசிஸ். பொருள் என்ன தெரியுமா? ‘பிரிட்டிஷ் பூஞ்சை’. ஒரு நாட்டுக்கு இதைவிட வேடிக்கையான மரியாதை கிடைத்திருக்காது.

இங்கே வந்த பிறகு அதைக் குளிரவைக்கவும் ஒரு ஏற்பாடு வேணுமே. வெடியுப்பைத் தண்ணீரில் கரைத்தால் தண்ணீர் சில்லென்று ஆகும். அதில் பாட்டிலைச் சுழற்றிச் சுழற்றிக் குளிரவைப்பதற்கென்றே ஆப்தார் என்று ஒரு வேலைக்காரர் இருப்பார். பிறகு அமெரிக்காவின் பாஸ்டனிலிருந்து ஏரிப் பனிக்கட்டியை மரத்தூளில் பொதிந்து கப்பலில் கொண்டுவந்தார்கள். 1833இல் கல்கத்தா, அடுத்து மெட்ராஸ். கடற்கரைச் சாலையில் இப்போ விவேகானந்தர் இல்லமாக இருக்கிற ஐஸ் ஹவுஸ் அந்தப் பனிக்கட்டியைச் சேர்த்து வைக்க 1842 வாக்கில் கட்டியதுதான். இங்கிலாந்து பார்லி, அமெரிக்க ஏரி, மெட்ராஸ் படகு எல்லாம் சேர்ந்தால்தான் துரைக்கு ஒரு கிளாஸ். அவர் கணக்கில் அது ‘வீட்டு ஞாபகம்’.

இப்போ 1820களுக்கு வருவோம். ஹாட்ஜ்சன் குடும்பத்தின் அடுத்த தலைமுறைக்குப் பேராசை வந்தது. கடனை நிறுத்தினார்கள், விலையை ஏற்றினார்கள், கேப்டன்களை விட்டுவிட்டுத் தாங்களே கப்பலில் அனுப்பத் தொடங்கினார்கள். போட்டிக்காரர் யாராவது பீர் அனுப்பினால் சந்தையில் தங்கள் சரக்கைக் கொட்டி விலையைச் சரித்து அவரை விரட்டுவார்கள். கம்பெனிக்காரர்களுக்கு எரிச்சல். கம்பெனி டைரக்டர் கேம்ப்பெல் மார்ச்பேங்க்ஸ் (எழுத்தில் பார்த்தால் மார்ஜோரிபேங்க்ஸ், ஆங்கிலேயர் சொல்வது இப்படி) மத்திய இங்கிலாந்தின் பர்ட்டன் நகரத்து பீர் ஆலைக்காரர் சாமுவேல் ஆல்சாப்பை விருந்துக்கு அழைத்தார். ஆல்சாப்பும் அப்போ நொந்து போயிருந்தார். பர்ட்டன்காரர்கள் அதுவரை கெட்டியான, இனிப்பான, பழுப்பு நிற ஏலை ரஷ்யாவுக்கு அனுப்பிப் பிழைத்தவர்கள். நெப்போலியன் போர்களில் அடி, பிறகு 1822இல் ரஷ்யா சுங்கச் சட்டத்தால் கதவையே சாத்திவிட்டது. ‘ரஷ்யாவை விடுங்க, இந்தியா இருக்கு’ என்கிற மாதிரி மார்ச்பேங்க்ஸ் பேசி, ஹாட்ஜ்சன் பீர் ஒரு பாட்டிலைக் காட்டினார் என்று பின்னாளில் எழுதிவைத்தார்கள். ஆல்சாப்பிடம் மால்ட் வேலை பார்த்த ஜாப் குட்ஹெட் ஒரு தேநீர்க் கூஜாவில் முதல் சாம்பிளை வடித்துக் காட்டினார் என்பது அந்தக் கதையின் அடுத்த பகுதி. நம்பலாமா என்றால், பாதி நம்பலாம்.

ஆனா அடுத்து நடந்ததில் சந்தேகமே இல்லை. பர்ட்டன் கிணற்றுத் தண்ணீரில் ஜிப்சம் நிறைய. அந்தத் தண்ணீரில் வடித்த வெளிர் ஏலில் ஹாப்ஸின் கசப்பு கூர்மையாகவும் சுத்தமாகவும் விழும். லண்டன் தண்ணீருக்கு அது வராது; லண்டன் தண்ணீர் கறுத்த போர்ட்டருக்கு ஒத்துவரும். பயணம் போன பீர் பர்ட்டனில் வடித்தது என்றால் ருசி ஒரு படி மேல். 1830களுக்குள் ஆல்சாப்பும் பாஸும் ஹாட்ஜ்சனைப் பின்னுக்குத் தள்ளிவிட்டார்கள். 1839இல் பர்ட்டனுக்கு ரயில் வந்தது. அதுக்குப் பிறகு உள்நாட்டிலும் அதே பீர் ஓடத் தொடங்கியது. கப்பல் ஒன்று உடைந்து அதன் பீப்பாய்களை லிவர்பூலில் ஏலம் விட்டபோதுதான் ஆங்கிலேயர்கள் முதன்முதலில் ருசி பார்த்தார்கள் என்று ஒரு கதை உண்டு. அந்தக் கதை சொல்கிற காலத்துக்கு ஆதாரம் கிடைக்கவில்லை. ஈஸ்ட் இந்தியா பேல் ஏல் என்ற பெயரோ 1829இலேயே ஆஸ்திரேலியாவில், சிட்னி பத்திரிகை விளம்பரம் ஒன்றில் வந்துவிட்டது. இந்தியாவின் பெயரைத் தாங்கிய பீர், இந்தியாவில் இல்லாத ஆளுக்கு விற்கப்பட்டபோதுதான் அந்தப் பெயர் தேவைப்பட்டிருக்கு. திருநெல்வேலியில் யாரும் ‘திருநெல்வேலி அல்வா’ என்று கேட்பதில்லையே!

பாஸின் சிவப்பு முக்கோணம் 1876 ஜனவரி 1 அன்று பிரிட்டனின் முதல் வணிகச் சின்னமாகப் பதிவானது. பிரெஞ்சு ஓவியர் மானே 1882இல் தீட்டிய பாரிஸ் மதுக்கூட ஓவியத்தில்கூட ஷாம்பெயின் பாட்டில்களுக்குப் பக்கத்தில் அந்த முக்கோணம் தெரியும்.

இந்தியச் சந்தை என்ன ஆச்சு? மலைவாசஸ்தலங்களில் உள்ளூர் ஆலைகள் வந்தன. கசௌலி, மர்ரீ, நம்ம நீலகிரி. கசௌலியில் ஆலை வைத்த எட்வர்ட் டையரின் மகன்தான் பின்னாளில் ஜாலியன்வாலாபாகில் சுடச் சொன்ன ஜெனரல் டையர். இலங்கையில், நைல் நதியின் மூலத்தைத் தேடிப் போன சாமுவேல் பேக்கர் அதுக்கு முன்னாடி நுவரெலியாவில் பீர் வடித்துப் பார்த்தவர். அங்கே 1881இல் தொடங்கிய சிலோன் ப்ரூவரி, லயன் ஸ்டவுட் என்று கறுத்த பீர் ஒன்றைத் தொடர்ந்து வடித்தது. பேல் ஏல் இந்தியாவில் மறைந்து லாகர் பிடித்துக்கொண்ட பிறகும், கண்டியிலும் நுவரெலியாவிலும் அந்த ஸ்டவுட்டை மரப்பிடி போட்ட கைப்பம்பில் இழுத்து ஊற்றிக் கொடுத்தார்கள். இங்கிலாந்து பப்பில் செய்கிற மாதிரியே. அதை உலகத்துக்குச் சொன்னவர் மைக்கேல் ஜாக்சன். பாடகர் இல்லீங்க, அதே பெயரில் பீர் பற்றி எழுதிய ஆங்கிலேயர்.

அந்தக் கைப்பம்புதான் நம்மைக் கதையின் அடுத்த பாதிக்குக் கூட்டிப் போகுது. ஊர் தாண்டிய பீரைப் பார்த்தோம். ஊர் தாண்ட முடியாத ஒன்றும் இருக்கு.

இங்கிலாந்தில் காஸ்க் ஏல் என்பார்கள். ஆலையிலிருந்து வரும்போது அதில் ஈஸ்ட் உயிரோடு இருக்கும். பப்பின் நிலவறையில் பீப்பாயைச் சாய்த்துப் படுக்கவைத்து, ஆப்பு அடித்துக் காற்றை விட்டு, ஓரிரு நாள் அடங்கவிடணும். கலங்கல் தெளிய மீனின் காற்றுப்பையிலிருந்து எடுத்த பசையைச் சேர்ப்பார்கள். முதலில் ரஷ்ய ஸ்டர்ஜன் மீன், பிறகு ஆசியக் கடல் மீன்கள். நம்ம ராமநாதபுரம் பக்கம் கூறல் மீனின் ‘நெட்டி’க்கு நல்ல விலை கிடைக்குதுன்னு செய்தி படிச்சிருப்பீங்க; அந்த வகைக் காற்றுப்பைதான். சைவ பீர் கிடைக்குமா என்று கேட்கிறவர்களுக்காக மீன் பசை சேர்க்காமலும் இப்போ சிலர் செய்கிறார்கள். சூடு 11லிருந்து 13 டிகிரிக்குள். ‘இங்கிலீஷ்காரன் சூடான பீர் குடிப்பான்’ என்பது சும்மா கேலி. சென்னையின் மார்கழி விடியற்காலைகூட அதைவிடச் சூடு. பீப்பாயைத் திறந்தால் உள்ளே காற்று போகும், மூணு நாளுக்குள் தீர்க்கணும். ஒரு ஃபிர்கின் பீப்பாயில் 72 பைண்ட். அந்த 72ஐயும் மூணு நாளில் குடிக்க அக்கம்பக்கத்தில் ஆள் வேணும். நல்ல ஏல் கிடைப்பது பாதி ஆலைக்காரர் கையில், பாதி நிலவறையைப் பார்த்துக்கொள்கிறவர் கையில். இதைச் சென்னைக்கு எப்படி அனுப்புவீங்க?

முதல் உலகப் போர் இந்த பீரை மெலிய வைத்தது. வரி, தானியத் தட்டுப்பாடு, பப் திறக்கும் நேரத்துக்குக் கட்டுப்பாடு. மதியம் கடையை மூடும் அந்தப் போர்க்கால வழக்கம் இங்கிலாந்தில் 1988 வரை நீடித்தது! 19ஆம் நூற்றாண்டில் ஆறு ஏழு சதவீதம் ஆல்கஹால் இருந்த ஐபிஏ என்ற பெயர், பிறகு மூன்றரைச் சதவீதச் சொச்ச பீர்களிலும் ஒட்டிக்கொண்டிருந்தது. கிரீன் கிங் ஐபிஏ இன்றும் அப்படித்தான்.

பெரிய அடி 1960களில். வாட்னிஸ் நிறுவனம் 1930களில் ரெட் பேரல் என்று ஒரு பீரை உருவாக்கியிருந்தது. வடிகட்டி, பாஸ்டரைஸ் செய்து, ஈஸ்டைச் சாகடித்து, உலோக டிரம்மில் அடைத்து, வாயு அழுத்தத்தில் ஊற்றும் பீர். எதுக்காக? தூர தேசத்துக்கு அனுப்ப! நிலவறையும் வேண்டாம், பக்குவம் தெரிந்த ஆளும் வேண்டாம். ஏற்றுமதிக்குச் செய்த அந்த வசதி வீட்டுக்கே திரும்பி வந்தது. ஆலைகள் ஒன்றையொன்று விழுங்கி ஆறு பெரிய நிறுவனங்கள் மிஞ்சின. பப்களில் பெரும்பகுதி அவர்கள் சொத்து. அவர்கள் டிரம் பீர் வைக்கச் சொன்னால் வைக்கத்தான் வேணும். கைப்பம்புகள் கழற்றப்பட்டன. விளம்பரம் செய்ய ஒரே ருசி நாடு முழுக்கத் தேவைப்பட்டது, ஊருக்கு ஒரு ருசி இடைஞ்சல்.

1971 மார்ச்சில் அயர்லாந்தின் மேற்குக் கோடியில், கெர்ரி மாவட்டத்து டன்குவின் கிராமத்தில், ஒரு பப்பில் நாலு ஆங்கிலேய இளைஞர்கள் உட்கார்ந்து புலம்பினார்கள். மைக்கேல் ஹார்ட்மன், கிரஹாம் லீஸ், பில் மெல்லர், ஜிம் மேக்கின். ஊருக்கு ஊர் புலம்பல்தான், ஆனால் இவர்கள் ஒரு இயக்கத்தையே தொடங்கிவிட்டார்கள். காம்ரா. 1973இல் பெயரைத் திருத்தி ‘ரியல் ஏல்’ என்ற சொல்லைச் சேர்த்தார்கள். நல்ல ஏல் கிடைக்கும் பப்களைப் பட்டியலிட்டு 1974இல் ஒரு கையேடு போட்டார்கள். அதில் வாட்னிஸ் பீரைக் கொள்ளைநோயோடு ஒப்பிட்டு எழுதியதைப் பார்த்து அச்சக நிறுவனம் மிரண்டு, வாசகத்தை மாற்றிய பிறகே வெளியிட்டது. 1977இல் லண்டன் அலெக்ஸாண்ட்ரா பேலஸில் முதல் பெரிய பிரிட்டிஷ் பீர் விழா. அரசாங்கம் கேட்கவில்லை, ஆலைகள் கேட்கவில்லை. குடிக்கிறவர்கள் மட்டும் சேர்ந்து ஒரு பண்டத்தை அழியாமல் பிடித்து வைத்தார்கள். தாடி வைத்த கிழவர்கள் சங்கம் என்று அவர்களைக் கிண்டல் செய்வார்கள். செய்யட்டும். கைக்குத்தல் அரிசிக்கு இங்கே அப்படி ஒரு சங்கம் அன்றைக்கே இருந்திருந்தால் எத்தனை நெல் வகை மிஞ்சியிருக்கும் என்று எனக்குத் தோன்றும்.

முழு வெற்றி என்று சொல்ல முடியாது. 1990 வாக்கில் பிரிட்டனிலேயே லாகர் ஏலை முந்திவிட்டது. இன்னொரு பக்கம் ஐபிஏ என்ற பெயரை அமெரிக்கர்கள் எடுத்துக்கொண்டு, தங்கள் ஊர் ஹாப்ஸைக் கொட்டி, மாம்பழமும் எலுமிச்சையும் மணக்கிற வேறொரு பீராக்கிவிட்டார்கள். பெங்களூர் மெனுவில் இருப்பது பெரும்பாலும் அந்த வழி வந்ததுதான். இந்தியா பேரைச் சுமந்துகொண்டு அமெரிக்கா சுற்றி ஊர் வந்து சேர்ந்திருக்கு.

பர்ட்டனில் ஒரு பழைய ஏற்பாடு உண்டு. வரிசையாக ஓக் பீப்பாய்கள், ஒவ்வொன்றின் தலையிலும் வாத்துக் கழுத்து மாதிரி வளைந்த குழாய். நொதிக்கும்போது நுரையோடு ஈஸ்ட் குழாய் வழியே மேலே தொட்டிக்கு ஏறும், பீர் வடிந்து கீழே பீப்பாய்க்கே திரும்பும். பேல் ஏலின் பொற்காலத்தில் ஊரே இப்படித்தான் வடித்தது. கடைசியில் மார்ஸ்டன்ஸ் ஆலையில் மட்டும் மிச்சமிருந்தது. 2024 தொடக்கத்தில் அதையும் நிறுத்தப்போவதாக அந்த ஆலையை நடத்திய கார்ல்ஸ்பெர்க் குழுமம் அறிவித்தது. அந்தப் ‘பிரிட்டிஷ் பூஞ்சை’க்குப் பெயர் வைத்த அதே கார்ல்ஸ்பெர்க். பல பேர் குரல் கொடுத்த பிறகு ஒரே ஒரு பீப்பாய் வரிசையை மட்டும் டெர்பிஷயரில் இருக்கும் தார்ன்பிரிட்ஜ் என்ற சின்ன ஆலைக்குக் கொடுத்தார்கள். அதே வருஷம் அவர்கள் அதைத் திரும்பப் பூட்டி, அதில் வடிக்கத் தொடங்கினார்கள்.